வரிசையில் நிற்பவன் கணக்கு

விடியற்காலை ஐந்தரை மணி. கிராமத்திலிருந்து பட்டணம் செல்லும் முதல் பஸ். உட்கார இடமில்லை, நிற்பதற்கும் நெருக்கடி. நின்றவர்களிலே ஓர் அம்மையார். வயது அறுபதுக்குக் குறையாது. கையிலே ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே மடித்து மடித்து நைந்துபோன ஓ.பி. சீட்டு, காலியான மாத்திரை அட்டைகள், ஒரு தண்ணீர்ப் பாட்டில், இலையிலே கட்டிய நாலு இட்டிலி. பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுமுன், சாலையோரத்திலே ஒரு கட்டிடம். ஆரம்ப சுகாதார நிலையம். பெயர்ப் பலகை உண்டு, சுற்றுச் சுவர் உண்டு, வாசலிலே வேப்பமரமும் உண்டு. அந்த அம்மையார் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நாம் கேட்டோம்: "ஏம்மா, உங்க ஊர்லயே ஆஸ்பத்திரி இருக்குதே, அதை விட்டுட்டு ஏன் இவ்வளவு தூரம்?"

அவர் சொன்னார்: "இருக்குதுங்க தம்பி. ரெண்டு தடவ போனேன். ஒரு தடவ டாக்டரம்மா மீட்டிங்குக்குப் போயிட்டாங்க. இன்னொரு தடவ ரத்தம் எடுக்கிற பையன் லீவுன்னாங்க. பெரியாஸ்பத்திரியில கால் கடுக்க நிக்கணும், நெசந்தான். ஆனா நின்னா நடக்கும். இங்க நின்னா நடக்குமான்னு தெரியாதே!"

பக்கத்திலே நின்ற கொத்தனார் ஒருவர், கேட்காமலே பேச்சிலே கலந்துகொண்டார்: "எங்களுக்கு வேற கதைங்க. காலைல ஆறரைக்கு, ஆள் நிக்கிற இடத்துல போய் நின்னாத்தான் அன்னைக்கு வேலை. இவங்க ஒம்பது மணிக்குத் தொறந்து, நான் பதினோரு மணிக்கு வெளிய வந்தா, அப்புறம் எவன் கூப்புடுவான்? நாள் போனது போனதுதான். போறதே போறோம், பெரிய இடத்துக்கே போயிட்டு வந்துடலாமே!"

தோழர்களே! இந்த இரண்டு பேச்சையும் மனத்திலே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் இவற்றைக் காதிலே வாங்காமல், மேசை முன் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் பலர் உளர். "பக்கத்திலே கட்டிக் கொடுத்தும் போவதில்லை, பெரிய கட்டிடத்தைக் கண்டு மயங்கி ஓடுகிறார்கள், பாமர மக்களின் அறியாமை!" என்பது ஒரு தீர்ப்பு. "ஊர் நிலையத்திலே கூட்டமே இல்லை, இன்னொரு டாக்டர் எதற்கு?" என்பது இரண்டாவது. "பட்டணத்திலே கூட்டம் நெரிகிறது, அங்கே இன்னும் ஒரு மாடி கட்டு!" என்பது மூன்றாவது.

மூன்றும் தவறு என்கிறோம் நாம். அந்த அம்மையார் போட்டது கணக்கு. கொத்தனார் போட்டதும் கணக்கு. படிப்பறிவு இல்லாதார் போட்ட கணக்கு சரியாக இருக்கிறது. படித்தவர் போட்ட கணக்குத்தான் பிசகியிருக்கிறது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

நாளா, மணியா?

முதலில் ஒரு சிறு கணக்கு. மாதச் சம்பளக்காரர் ஒருவர். இரண்டு மணி நேரம் அனுமதி பெற்று வெளியே போய்வர முடிந்தவர். அவருக்கு ஊர் நிலையத்துக்குப் போய்வர அரை நாள் ஆகிறது, பெரியாஸ்பத்திரிக்கு முழு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலே போவதுதானே லாபம்? ஆம், போன காரியம் முடியுமானால்!

பத்துத் தடவை போகிறார். ஐந்து தடவை காரியம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் இல்லை, அல்லது மருந்து இல்லை, அல்லது சோதனை செய்ய ஆளில்லை. அந்த ஐந்து தடவையும் மறுபடி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். பக்கத்திலே போன பத்துத் தடவைக்கு ஐந்து நாள். பட்டணம் போன ஐந்து தடவைக்கு ஐந்து நாள். ஆக மொத்தம் பத்து நாள். முதலிலேயே நேரே பட்டணம் போயிருந்தாலும் அதே பத்து நாள்தான்! இரண்டுக்கு ஒன்று ஏமாற்றும் இடம், பக்கத்திலே இருந்தாலும் ஒன்றுதான், பட்டணத்திலே இருந்தாலும் ஒன்றுதான். அலைச்சலும், நோய் முற்றுவதும், மனம் கசப்பதும் இந்தக் கணக்கிலே சேராத நட்டம்.

இது சம்பளக்காரர் கதை. கூலிக்காரர் கதையோ இன்னும் கொடிது. காலை ஆறரைக்கு வேலைக்கு நிற்காதவனுக்கு அன்று முழுவதும் வேலையில்லை. ஊர் நிலையத்திலே ஒரு மணி நேரம் ஆனாலும் ஒரு நாள் கூலி போகிறது. பட்டணத்திலே எட்டு மணி நேரம் ஆனாலும் அதே ஒரு நாள் கூலிதான் போகிறது. பத்துத் தடவை பக்கத்திலே போனால் பத்து நாள். அதிலே ஒரே ஒரு தடவை ஏமாந்தாலும் பதினோராவது நாளும் போயிற்று. நேரே பட்டணம் போனால் பத்தோடு நின்றது.

அதிகாரியின் கடிகாரத்திலே மணி இருக்கிறது, நிமிடம் இருக்கிறது. கூலிக்காரன் கடிகாரத்திலே ஒரே முள்தான். அது நாளைத்தான் காட்டும். பக்கத்திலே இருக்கும் நிலையம், அவன் வேலை செய்யும் நேரத்திலே மட்டும் திறந்திருந்தால், அந்தப் பக்கம் அவனுக்குப் பக்கமே அல்ல. தேசப் படத்திலே ஒன்றரை மைல். கூலிக் கணக்கிலே ஒரு நாள்.

இதையே திருப்பிப் பாருங்கள். அந்த நிலையத்திலே மாலை ஏழு மணி வரை டாக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வரும் வழியிலே கொத்தனார் போகிறார். கூலி போகவில்லை. பத்துத் தடவையிலே மூன்று தடவை காரியம் நடக்காமல் போனாலும், அந்த மூன்று தடவைக்குப் பட்டணம் போக மூன்று நாள்தான் போகிறது. பத்து நாள் அல்ல. ஆக, செங்கல் ஒன்றைக்கூட நகர்த்தாமல், நேரத்தை மாற்றினாலே, தூரத்தைக் குறைத்துவிடலாம். இதிலே மர்மம் எதுவும் இல்லை, மனம்தான் வேண்டும்.

தூரம் ஆளுக்கு ஆள் வேறு

தூரம் மனிதரைத் தடுக்கும் என்பது புதிய செய்தியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர், மனநோய் மருத்துவமனைக்கு எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அருகிலே உள்ள வட்டாரங்களிலிருந்து அதிகம் பேர். தொலைவிலே உள்ள வட்டாரங்களிலிருந்து குறைந்த பேர். தொலைவிலே இருப்போருக்கு நோய் குறைவு என்பதா பொருள்? இல்லை; வழி அதிகம் என்பதுதான் பொருள். வராதவர்கள் நோயற்றவர்கள் அல்லர், வர முடியாதவர்கள்.

அந்தத் தூரமும் எல்லோருக்கும் ஒரே தூரமல்ல. நமது ரேஷன் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலே, அட்டை வைத்திருப்போர் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஒரு கடையிலே எடை குறைகிறது, இழுத்தடிக்கிறார்கள் என்றால், வேறு கடைக்குப் போகலாம் அல்லவா? போகலாம், மோட்டார் சைக்கிள் உள்ளவர். இருபது கிலோ அரிசியைத் தலையிலே சுமந்துவர வேண்டிய மூதாட்டி எங்கே போவார்? வெறுங்கையோடு நடக்கிற ஒரு மைல் வேறு. மூட்டையோடு நடக்கிற ஒரு மைல் வேறு. தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டத்திலே எல்லோருக்கும் உண்டு. கால்களிலே எல்லோருக்கும் இல்லை.

2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களிலே பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, எத்தனையோ தாய்மார்களுக்குத் தூரத்தின் ஒரு பகுதி கரைந்தது. காசாக இருந்த தூரம் போயிற்று. ஆனால் காலமாக இருக்கும் தூரம் இன்னும் நிற்கிறது. பஸ்ஸிலே போகும் ஒன்றரை மணி நேரமும், வரிசையிலே நிற்கும் மூன்று மணி நேரமும் யாரும் இலவசமாகத் தந்துவிட முடியாது. அவற்றைக் குறைக்கத்தான் முடியும். குறைப்பதற்கு வழி தெரிய வேண்டுமானால், வரிசை எப்படி வளர்கிறது என்பது தெரிய வேண்டும்.

ஜன்னல் முன்னே

வரிசைக்கும் ஒரு கணித சாத்திரம் உண்டு, தோழர்களே. அதற்கு வித்திட்டவர் டென்மார்க் நாட்டு எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியிலே வேலை பார்த்தவர். எத்தனை பேர் ஒரே நேரத்திலே பேச வருவார்கள், அதற்கு எத்தனை கம்பித் தடம் வேண்டும் என்று ஆராய்ந்து, 1909இல் தமது முதல் கட்டுரையை வெளியிட்டார். டெலிபோனுக்காகப் பிறந்த அந்தக் கணிதம், இன்று பாங்கிக்கும் பஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பயன்படுகிறது.

அது சொல்லும் உண்மை ஒன்றை, நமது மருந்து ஜன்னலுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு ஜன்னல். உள்ளே ஒருவர். சராசரியாக மணிக்கு 20 பேருக்கு மருந்து கொடுக்கக்கூடியவர். மக்கள் வருவது ஒரே சீராக அல்ல; சில நேரம் கும்பலாக, சில நேரம் ஒருவர் இருவராக. ஒருவருக்கு ஒரு நிமிடத்திலே முடியும். இன்னொருவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

மணிக்கு 10 பேர் வந்தால், ஒருவர் வந்து நின்று மருந்து வாங்கிப் போகச் சராசரி 6 நிமிடம். மணிக்கு 15 பேர் வந்தால் 12 நிமிடம். 18 பேர் வந்தால் 30 நிமிடம். 19 பேர் வந்தால் 60 நிமிடம்!

கவனியுங்கள். பத்திலிருந்து பதினைந்துக்கு ஐந்து பேர் கூடியபோது ஏறியது ஆறே நிமிடம். பதினெட்டிலிருந்து பத்தொன்பதுக்கு ஒரே ஒருவர் கூடியபோது ஏறியது முப்பது நிமிடம். ஜன்னலுக்குள் இருப்பவர் சோம்பேறியாகிவிடவில்லை. அதே கை, அதே வேகம். தாங்கும் சக்தியின் விளிம்புக்கு வரிசை வந்துவிட்டது, அவ்வளவுதான். விளிம்பிலே நிற்கும் குடத்துக்கு ஒரு துளியும் பாரம்.

பெரியாஸ்பத்திரியின் ஜன்னல்கள் இந்த விளிம்பிலேதான் நின்றுகொண்டிருக்கின்றன. அங்கே வேலை செய்யும் ஊழியரைத் திட்டிப் பயனில்லை. காலையிலிருந்து தலை நிமிராமல் மருந்து கொடுக்கிறவரும் பாட்டாளிதான். வெளியே நிற்பவரும் பாட்டாளிதான். இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழ வைத்துவிட்டு, இருவருக்கும் இடையிலே ஒரு கம்பி ஜன்னலையும் வைத்துவிட்டால், குற்றவாளி யார் என்பது மறந்தே போகும்!

ஆனால் அதே கணக்கிலே ஆறுதலும் இருக்கிறது. மேலே ஏறும்போது எப்படித் திடீரென ஏறுகிறதோ, கீழே இறங்கும்போதும் அப்படியே திடீரென இறங்கும். மணிக்கு வரும் 19 பேரிலே 4 பேருக்கு அவரவர் ஊரிலேயே காரியம் முடிந்துவிட்டால், மீதி 15 பேருக்கும் ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடமாகக் குறைகிறது. ஊர் நிலையம் ஒழுங்காக நடந்தால், பயன் ஊராருக்கு மட்டுமல்ல. இதய நோயோடும் எலும்பு முறிவோடும் பெரியாஸ்பத்திரிக்கு வந்தே தீர வேண்டியவனுக்கும் அதிலே பயன்.

மாடி மேல் மாடி

"பெரியாஸ்பத்திரியிலேயே இன்னும் நான்கு ஜன்னல் வைத்தால் வரிசை குறையாதா?" என்று கேட்கலாம். குறையும், கொஞ்ச நாளைக்கு.

1952இல் இங்கிலாந்திலே வார்ட்ராப் என்பவர் சாலைப் போக்குவரத்தைப் பற்றி ஒரு விதியை எடுத்துச் சொன்னார். ஓர் ஊருக்குப் பல வழிகள் இருந்தால், மக்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்து, கடைசியிலே எல்லா வழிகளிலும் ஒரே நேரம் ஆகும் நிலைக்கு வந்துவிடும் என்பது அதன் சாரம். ஒரு வழியிலே நேரம் குறைந்தால் அங்கே ஓடுவார்கள். ஓடியதாலேயே அங்கே நெரிசல் ஏறும். தேநீர்க் கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் நாம் அன்றாடம் காணும் நடப்புத்தான்.

ஆஸ்பத்திரி வரிசையும் அப்படியே. நான்கு ஜன்னல் கூடினால் மூன்று மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறையும். அந்தச் செய்தி மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் பரவும். இதுவரை ஊர் நிலையத்துக்குப் போனவர், மருந்துக் கடையிலே கேட்டு வாங்கித் தின்றவர், வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலே இருந்தவர் எல்லோரும் புறப்படுவார்கள். புறப்படுவது அவர்கள் உரிமை. அதிலே குற்றம் இல்லை. ஆனால் வழிச் செலவையும் வரிசையையும் கூட்டிப் பார்த்து, "இனி அங்கே போவதிலே லாபமில்லை" என்று கடைசி ஆள் எண்ணும் வரை, வரிசை மறுபடி வளரும்.

அதற்குள்ளே ஊர் நிலையத்துக்கு என்ன ஆகும்? வருகைப் பதிவேட்டிலே எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையைப் பார்த்து ஒதுக்கீடு செய்தால், மருந்து குறையும். மருந்து குறைந்தால், வருவோர் இன்னும் குறைவர். "பார்த்தீர்களா, கூட்டமே இல்லை!" என்பார் அதிகாரி. சோறு போடாமல் மெலிய வைத்துவிட்டு, "இவனுக்குப் பசியே இல்லை" என்று சான்று எழுதுவதல்லவா இது?

ஆகவே தோழர்களே, காலியாகக் கிடக்கும் நிலையம் தேவையின்மைக்குச் சான்று அல்ல. அது மக்கள் அளித்த தீர்ப்பு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வாக்குச் சாவடியிலே வாக்களிக்கும் மக்கள், அன்றாடம் காலால் வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கையும் எண்ணத் தெரிந்தவர்தான் ஆளத் தெரிந்தவர்.

காசு வைத்தால் கூட்டம் குறையுமாம்!

இன்னொரு யோசனையும் உலவுகிறது. வரிசையிலே சேருகிறவன் தன் நேரத்தை மட்டும் எண்ணுகிறான். தனக்குப் பின்னால் வருகிறவன் நேரத்தை எண்ணுவதில்லை. ஆகவே வரிசை அளவுக்கு மீறி வளர்கிறது. ஒரு கட்டணம் வைத்தால் அளவுக்குள் நிற்கும் என்று, 1969இல் பின்ஹாஸ் நாவோர் என்ற அறிஞர் கணிதமாகவே காட்டினார். கணிதம் பிழையல்ல. அதை எங்கே பயன்படுத்துவது என்பதிலேதான் வழக்கு.

சாலைச் சுங்கத்துக்கு அது பொருந்தலாம். நோயாளி வரிசைக்குப் பொருந்துமா? கட்டணம் வைத்தால் வரிசையிலிருந்து விலகுவது நோய் குறைந்தவனா, காசு குறைந்தவனா? நூறு ரூபாய் ஒருவனுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. இன்னொருவனுக்கு ஒரு நாள் அடுப்பு. கட்டணம் கூட்டத்தை வடிகட்டும், உண்மை. ஆனால் அந்த வடிகட்டியிலே தங்குவது நோயல்ல, பணம்!

வேல்ஸ் நாட்டிலே, கிளின்காரக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திலே, சுரங்கத் தொழிலாளர் நடுவிலே வாழ்ந்து வைத்தியம் பார்த்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். அவர் 1971இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டிலே எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. எங்கே நோய் மிகுதியோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது; எங்கே நோய் குறைவோ அங்கே நிறையக் கிடைக்கிறது; வைத்தியம் சந்தைச் சரக்காக ஆக ஆக இந்தத் தலைகீழ் நிலை முற்றுகிறது என்பதே அவர் கண்டு சொன்னது. சுரங்கத் தொழிலாளியைத் தொட்டுப் பார்த்தவர் சொன்ன சொல் அது. ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

செய்தால் முடியும்

"பேசுவது எளிது, செய்ய முடியுமா?" என்று கேட்பார்க்கு, செய்து காட்டிய சான்றுகளையே வைக்கிறோம்.

1946இல் போர் கமிட்டி, ஊர்ப்புற மக்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்ற திட்டத்தைத் தந்தது. 1952 முதல் நாட்டிலே அத்தகைய நிலையங்கள் தோன்றலாயின. பத்தாண்டு கழித்து, 1962இல் மற்றொரு கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். புதிதாகத் திறந்துகொண்டே போவதைக் காட்டிலும், இருக்கும் நிலையங்களை முதலில் பலப்படுத்துங்கள் என்றது அந்தக் கமிட்டி. கட்டிடம் திறப்பது எளிது. கதவைத் தினமும் திறந்து வைப்பதுதான் கடினம் என்பதை அன்றே உணர்ந்த அறிவுரை அது.

அதைப் பின்பற்றியபோது பலன் கிடைக்காமல் போகவில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளிலே வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ் புத்தகம் போட்டு மருந்து வழங்கும் முறை வந்தது. "மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்ற பேச்சு வெகுவாகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலே மூன்று செவிலியர் முறை வைத்து, இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தபோது, 2000க்குப் பிந்திய ஆண்டுகளிலே அங்கே பிரசவங்கள் பெருகின. அறியாமையால் போகாதிருந்த தாய்மார்கள் ஓர் இரவிலே அறிவு பெற்றுவிட்டார்களா? இல்லை. நள்ளிரவிலே வலி எடுத்துப் போனால் கதவு திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்கும் என்ற உறுதி பிறந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்விலே, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலே நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உறுதி கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அண்டையிலே கேரளத்தைப் பாருங்கள். 2017இல் தொடங்கிய ஆர்திரம் திட்டத்திலே, ஆரம்ப நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய நிலையங்களாக மாற்றி, மாலை ஆறு மணி வரை நோயாளிகளைப் பார்க்க வழி செய்தனர். தமிழ்நாட்டிலே, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. தூரத்தை மக்கள் கடப்பதற்குப் பதில் மருந்து கடந்து வரட்டும் என்ற எண்ணம் அது. ஆயினும், மாத்திரைதான் வீட்டுக்கு வரும். இரத்தம் சோதிக்கவும், அளவை மாற்றவும், காலிலே புண் ஆறாததைக் கண்டுபிடிக்கவும் டாக்டர் வேண்டும். அந்த டாக்டர் எங்கே, எந்த நேரத்திலே இருக்கிறார் என்பதுதான் பஸ்ஸிலே நின்ற அம்மையாரின் கேள்வி.

எல்லா வைத்தியமும் எல்லா ஊரிலும் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குப் பட்டணம் போகலாம், போகவே வேண்டும். பழகிய கை, பெரிய கருவி, இரவு பகல் காவல் எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்க முடியும். ஆனால் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நாள் கூலியா? காய்ச்சலுக்கு ஒன்றரை மணி நேரப் பஸ்ஸா? இதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களுக்கு ஒரு வேலை

படித்துவிட்டு மடித்து வைக்க இதை எழுதவில்லை. ஊர்தோறும் தோழர்கள் இருக்கிறீர்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஒரு மாத காலம், உங்கள் ஊர் நிலையத்துக்குப் போய்வந்தவரிடம் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். போன காரியம் அன்றே முடிந்ததா? முடியவில்லை என்றால் இல்லாதது எது: டாக்டரா, மருந்தா, சோதனையா? இதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று?

பெயர் வேண்டாம், நோயின் விவரமும் வேண்டாம். அது அவரவர் சொந்த விஷயம். எண்ணிக்கை மட்டும் போதும். முதல் பஸ்ஸிலே ஒரு நாள் ஏறி, ஊர் நிலையத்தைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். மாத முடிவிலே கூட்டிப் பாருங்கள். "இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், ஊராருக்கு இத்தனை நாள் கூலி நட்டம்" என்று எழுதி, கிராம சபையிலே படியுங்கள். மே நாளன்றும் கிராம சபை கூடுகிறது; உழைப்பாளி இழந்த நாட்களைப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

பிறகு, செலவு குறைந்தவற்றையே முதலில் கேளுங்கள். வாரத்திலே சில நாளாவது மாலை நேரத்திலே வைத்தியம் வேண்டும். இன்று டாக்டர் உண்டா, சோதனை உண்டா என்பதை வாசலிலே காலையிலேயே பலகையில் எழுத வேண்டும். ஒருவர் விடுப்பிலே போனால் மாற்று ஆள் வர வேண்டும். வருகை குறைந்தது என்று மருந்தைக் குறைக்காமல், ஏன் குறைந்தது என்று வந்து கேட்க வேண்டும். இவை எவையும் கோடியை விழுங்கும் கோரிக்கைகள் அல்ல.

அன்று மாலை, திரும்பும் பஸ்ஸிலே அந்த அம்மையாரை மறுபடி கண்டோம். இம்முறை உட்கார இடம் கிடைத்திருந்தது. "வேலை முடிஞ்சுதாம்மா?" என்றோம். "முடிஞ்சுதுங்க தம்பி. மாத்திரையைக் கூட்டிக் குடுத்திருக்காங்க. மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க" என்றார். பஸ் ஊருக்குள்ளே நுழைந்தபோது மணி ஐந்தரை. வேப்பமரத்தடியிலே ஊர் நிலையம். கொத்தனார்களும் சித்தாட்களும் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தனர்.

நிலையத்தின் கதவு பூட்டியிருந்தது. இன்னும் மூன்று மாதத்திலே அந்த அம்மையார் மறுபடி முதல் பஸ்ஸுக்கு நிற்பார். அதற்குள்ளே, அவர் கணக்கை மாற்றும்படி அந்தக் கதவைத் திறக்க வைக்க வேண்டும். அதற்கு முதல் வேலை, அந்த நோட்டுப் புத்தகம். வாங்கிவிட்டீர்களா?